வாசல் கூட்ட வேண்டாம் என்றவர்

முதல் நாள் அவரைப் பார்த்தபோது எதையோ தொலைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, என் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தார். என்னவென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. நானும் இறங்கிப் போய்க் குனிந்து தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தேடினோம்.

"நீங்க என்னத்தத் தேடறீங்க அம்மிணி?" என்று அவர்தான் கேட்டார்.

"நீங்க தேடறதத்தானுங்க."

"நான் தேடுலீங்க. பாக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது குப்பையை. என் கடை வாசலில் கிடந்த மிட்டாய்த் தாள், பிஸ்கட் உறை, ஷாம்பு கிழித்த துண்டு, இவற்றை. பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமலேயே சரக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். எங்கள் வீதி முழுக்கத் தறிப்பட்டறை. வீட்டின் முன்னறையைத்தான் மளிகைக் கடையாக வைத்திருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் ஒரு பெரிய மொத்த வியாபார ஏஜென்சி. எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அங்கிருந்துதான். வாரத்துக்கு ஒரு நாள் அவர்களுடைய ஆள் வந்து வேண்டியதை எழுதிக்கொண்டு போவார், மறுநாள் வேனில் சரக்கு வரும். இதற்கு லைன் என்று பெயர். அதனால் அவரை லைன்காரர் என்போம். எங்கள் வீதிக்குச் செவ்வாய்க்கிழமை.

மற்றக் கம்பெனி ஆட்கள் வந்தால் நேரே கடைக்குள் கையை நீட்டி, "அக்கா, இது தீந்துருச்சு, அது ரெண்டுதான் இருக்குது" என்று அவர்களே எண்ணிவிடுவார்கள். இவர் என் அலமாரியை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. "உள்ள இருக்கறது நான் குடுத்ததுதானுங்களே, அதை எதுக்குப் பாக்கறது? சனம் வேற எங்க என்ன வாங்கறாங்கன்னு குப்பதான் சொல்லும்" என்பார்.

இரண்டாவது வாரமே சொல்லிவிட்டார். "அம்மிணி, செவ்வாக்கெழம மட்டும் நான் வந்துட்டுப் போறவரைக்கும் வாசல் கூட்டாதீங்க."

செவ்வாய்க்கிழமை வாசல் கூட்டாமல் எப்படி இருப்பது? விடிந்தால் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற வீடு இது. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல் வேறு. மறுக்கவும் வாய் வரவில்லை. கடைசியில் ஒரு வழி செய்தேன். செங்கல் ஒன்றை நடுவில் வைத்து, வீட்டுப் பக்கம் மட்டும் கூட்டிக் கோலம் போட்டேன். கடைப் பக்கம் குப்பை அப்படியே கிடந்தது. பார்ப்பதற்குப் பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட வாசல் போல இருக்கும்.

என் வீட்டுக்காரர் தறி மேஸ்திரி. பட்டறைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "என்ன, இன்னிக்கு உன்ற ஜோசியரு வர்ற நாளா?"

வீதியின் மேற்குக் கோடியில் இன்னொரு கடை இருந்தது. மேக்கால கடை என்போம். அதன் முதலாளி வாய்த்துடுக்கானவர். "அம்மிணி, உங்கூட்டு வாசல்ல அவரு மூணு நிமிசம் நிக்கறாரு, என்ற வாசல்ல ஒரு நிமிசந்தான். உங்க குப்பையில அப்பிடி என்ன எச்சா இருக்குது?" என்பார். அவரும் செவ்வாய்க்கிழமை வாசல் கூட்டுவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். கோயில் பக்கம் மூன்றாவதாக ஒரு கடை. அதைப் புருசனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா மட்டும், "லச்சுமி வர்ற வாசலுங்க" என்று சொல்லிக் கூட்டிவிடுவார். அங்கே லைன்காரர் முறத்தைக் கேட்டு வாங்கி, கூட்டி வைத்ததைப் பார்ப்பாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் மூடி போட்ட ஒரு சின்னக் காலி பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்து மோந்தார்.

"கடுகெண்ணெய்ங்க" என்றார்.

"அதை இங்க யாருங்ண்ணா வாங்கறாங்க? வெளக்குக்குக்கூட ஊத்த மாட்டாங்க."

அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் வேனில் கடுகெண்ணெய் வந்து இறங்கியது. யார் வாங்கப்போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் அடுக்கினேன். அன்று சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் தங்கியிருக்கும் வடக்கத்திப் பையன்களில் ஒருவன் சோப்பு வாங்க வந்தான். பாட்டிலைப் பார்த்து, திறந்து மோந்து, சோப்போடு அதையும் வாங்கிக்கொண்டு போனான். அவர்கள் ஊரில் சமையலே அந்த எண்ணெயில்தானாம். அதன் பிறகு அந்தப் பையன்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் வந்தார்கள். என்னைத் தீதி என்று கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தமாம். நான் அவர்களிடம் பேசியதே இல்லை. அவர்களும் கையைக் காட்டுவார்கள், நானும் எடுத்துக் கொடுப்பேன். எனக்கு அது தோதாக இருந்தது.

பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். நாலு பேருக்கு நடுவில் பேசத் தெரியாது. தறிப்பட்டறையில் வேலை என்றால் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டும். கல்யாணமான புதிதில் போய்ப் பார்த்தேன். நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் கத்தியதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடை அப்படியில்லை. கேட்பது அவர்கள் வேலை, எடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் கடை இல்லாவிட்டால் நான் மறுபடியும் தறிக்குத்தான் போயாக வேண்டும். இந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

லைன்காரரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருக்கும். அவர் சொன்னதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். நான் சொன்னதில் அவருக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாது.

எல்லாமே அவருக்குச் சரியாக வந்தது என்று சொல்லமுடியாது. ஒரு தடவை நகராட்சிக் குப்பை வண்டி எங்கள் கடைக்கு நேரே வரும்போது ஒரு மூட்டை அவிழ்ந்து கொட்டிவிட்டது. அள்ள ஆள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் வந்துவிட்டார். வண்டி அதற்கு முன்னால் எந்தப் பணக்கார வீதிக்குப் போய்வந்ததோ, எல்லாம் சர்க்கரை சேர்க்காதது என்று போட்ட, நாங்கள் கண்ணால் பார்த்திராத உறைகள். அவர் குனிந்து புரட்டப் புரட்ட அவருடைய முகம் மாறியது.

"அம்மிணி, உங்க வீதிக்குச் சக்கரை வியாதி வந்துருச்சுங்க" என்றார் கவலையாக.

வண்டி கொட்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். தறிச் சத்தம். அவர் எழுதிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் சர்க்கரை போடாத ஓட்ஸ் பிஸ்கட் ஒரு பெட்டி வந்தது. எங்கள் வீதியில் ஒருத்தரும் இரண்டாம் தடவை தொடவில்லை. ஒருவன் வாங்கித் தின்றுவிட்டு, "அக்கா, அட்டையையும் சேத்துத் தின்னுட்டனாட்டம் இருக்குது" என்றான்.

நடந்ததை மேக்கால கடைக்காரர்தான் அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த வாரம் வந்தவர் குப்பையைப் பார்க்கவில்லை. "அந்தப் பிஸ்கட்டுல ஒண்ணு குடுங்க அம்மிணி" என்றார். மரத்தடியில் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முழுப் பாக்கெட்டையும் தின்றார். அதற்கடுத்த வாரமும் ஒன்று தின்றார். பெட்டி காலியாகும் வரைக்கும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதேபோல் தின்றார். திருப்பி எடுத்துக்கொள்ள ஏஜென்சியில் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

"வேண்டாமுங்ண்ணா, உடுங்க, மாட்டுக்கு வெச்சர்றோம்" என்றேன்.

"மாடு என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் பிறகு அந்தப் பேச்சு வந்தது.

ஏஜென்சியில் எல்லாம் செல்போனுக்கு மாறியது. போனில் தொட்டால் சரக்கு வரும், லைன் போக ஆள் வேண்டாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவர் வருவது நின்றது. ஆனால் மற்ற நாட்களில் எங்கள் பக்கத்து வீதிகளில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கடையே இல்லாத சந்துகளில்கூடக் குனிந்து நடக்கிறார், தரையைப் போட்டோ எடுக்கிறார் என்றார்கள்.

மேக்கால கடைக்காரர் ஒரு நாள் வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "அம்மிணி, சமாச்சாரம் தெரியுமா? ஏஜென்சிக்காரங்க சொந்தமாவே பெரிய கடை போடறாங்களாம். எங்க போட்டா ஓடும்னு பாக்கத்தான் உங்க ஜோசியரு சுத்தறாராம். இத்தன நாளு நம்ம குப்பையப் பாத்தது நம்மளுக்காகன்னு நெனச்சீங்களா?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நம்மிடம் சரக்கு வாங்குங்கள் என்று வந்தவர்களே எதிரில் கடை வைத்தால் நாம் யாரிடம் சரக்கு வாங்குவது? அப்புறம் அந்த ஓட்ஸ் பிஸ்கட்டை நினைத்தேன். அப்படி நின்று தின்றவர் இதைச் செய்வாரா? செய்யலாம் என்றும் தோன்றியது. செய்யமாட்டார் என்றும் தோன்றியது.

வீதி முனையில் மூடிக் கிடந்த பழைய தறிப்பட்டறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். கண்ணாடிக் கதவு வந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் லைன்காரரே வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. முதல் தடவையாக என் கடையை நேராகப் பார்த்து நின்றார்.

"வர்ற வெள்ளிக்கெழம தெறப்பு விழாங்க. வீதியில கடை வெச்சிருக்கறவங்கதான் வெளக்கேத்தோணும்னு மொதலாளி ஆசைப்படறாருங்க. நீங்க ஒரு திரி ஏத்தோணும்."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "ஏனுங்ண்ணா, இந்த எடத்தக் காட்டிக் குடுத்தது நீங்களா?"

"எடம் அங்கயேதான அம்மிணி இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது?

மேக்கால கடைக்காரர் தாம்பாளத்தைத் தொடவே இல்லையாம். "என்ற கடைக்குக் கொள்ளி வெக்கறதுக்கு நானே நெருப்பு எடுத்துட்டு வாரோணுமா?" என்று கேட்டிருக்கிறார். கோயில் கடைக்காரர்கள் அன்று உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டுக்காரர்தான், "ஊட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டிருக்காங்க. போவாம இருந்தா மொறையில்ல" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டே, "அந்த மனுசன் நம்மளுக்கு நல்லது பண்றானா, குழி பறிக்கறானான்னு ஒண்ணும் புரியமாட்டேங்குது" என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போனேன். குளிரூட்டிய அறை. முதலாளி, அவர் வீட்டம்மா, யார் யாரோ. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கையில் காலுக்குக் கீழே தரை சில்லென்றிருந்தது. மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தார்கள். குளிர்காற்று அடித்ததில் திரி பிடிக்கவே இல்லை. லைன்காரர் பக்கத்தில் வந்து காற்றை மறைத்து உள்ளங்கையை வைத்தார். பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டும் சத்தத்துக்கு நடுவில் அவர் என் பக்கம் குனிந்து சொன்னார். "சித்தெ நல்லாப் பாத்துக்கங்க அம்மிணி. இங்க என்ன இல்லைன்னு பாத்துக்கங்க."

நான் பார்த்தேன். வரிசை வரிசையாக, கூரை தொடுகிற உயரத்துக்குச் சாமான். இருப்பதைப் பார்க்கவே எனக்குக் கண் போதவில்லை. இல்லாததை எப்படிப் பார்ப்பது? ஒரு கிண்ணம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரமே என் கடையில் சோப்பும் பிஸ்கட்டும் எண்ணெயும் அப்படியே நின்றுவிட்டன. என் கடைக்கு வருகிறவர்கள் என் கண்முன்னாலேயே பையோடு முனைக்குப் போனார்கள். சிலர் என் வாசலைத் தாண்டும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். பேசினார்களா, சும்மா வைத்துக்கொண்டார்களா, தெரியாது.

ஆனால் வடக்கத்திப் பையன்கள் வந்தார்கள். முனையில் கடுகெண்ணெய் இல்லையாம். வெற்றிலை கேட்டுப் பெண்கள் வந்தார்கள். அங்கே வெற்றிலையும் இல்லை. தறியில் பழைய நூலோடு புது நூலை முடிந்து பாவு பிணைக்கிறவர்கள் நூல் அறுக்கப் பிளேடும், கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்தும் கேட்டு வந்தார்கள். அதுவும் இல்லை. எங்கள் வீதியின் குப்பையை வருடக்கணக்காகப் புரட்டியவர் வைத்த கடை அது. கடுகெண்ணெயைக் கண்டுபிடித்ததே அவர்தான். அவருக்கா இது தெரியாது?

அங்கே இல்லாததை மட்டும் நிறைய வாங்கி வைத்தேன். கடை முன்பு போல ஓடவில்லை, ஆனாலும் ஓடியது. மேக்கால கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். நானாக ஒருவரிடம் போய்ப் பேசியது அதிசயம். "அண்ணா, அங்க இல்லாத சாமானா பாத்து வெய்யுங்க, நிக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளக்கேத்தி வெச்சுட்டு வந்து எனக்கு வழி சொல்றயா அம்மிணி? உனக்கு மட்டும் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டானாக்கும்?"

"பாத்துக்கங்கன்னு மட்டும்தானுங்ண்ணா சொன்னாரு. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"நான் போனாத்தான சொல்லுவான்?"

அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு மேக்கால கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். சைக்கிளில் என் கடையைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கோயில் கடையும் நின்றுவிட்டது, அந்த அறையில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள்.

முனைக் கடையில் லைன்காரர்தான் மேனேஜர். வெள்ளைச் சட்டைக்கு மேல் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணாடிக்குள் நிற்பார். நான் அந்தப் பக்கம் போனால் தலையை அசைப்பார். நானும் அசைப்பேன். அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தினமும் கேட்கலாம் என்று போவேன். அசைத்துவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் அவரை மோகனூர்ப் பக்கம் புதிதாகத் திறக்கிற கடைக்கு மாற்றிவிட்டார்கள். புது மேனேஜர் வந்தார். அந்த வாரமே வடக்கத்திப் பையன் ஒருவன் என் கடைக்கு வந்து கையை விரித்தான். "தீதி, அங்கேயும் வந்துருச்சு" என்று தமிழில் சொன்னான். தமிழ் எப்போது படித்தானோ.

போய்ப் பார்த்தேன். வாசலுக்கு நேரே அடுக்கி வைத்திருந்தார்கள். கடுகெண்ணெய் சின்னது, நடுத்தரம், பெரியது. அதற்குப் பக்கத்தில் ஈரத் துணி போட்ட கூடையில் வெற்றிலை. பிளேடு, சொட்டு மருந்து. என் கடையைத் தூக்கி அங்கே வைத்தது போல இருந்தது.

அவர் இருந்தவரைக்கும் வேண்டுமென்றே வைக்காமல் இருந்தாரா? அப்படியானால் எதற்கு எங்கள் வீதியைக் காட்டிக் கொடுத்தார்? ஏஜென்சிக்காரர்களே இப்போதுதான் யோசித்து வைத்தார்களா? அப்படியானால் என்ன இல்லை என்று பார்த்துக்கொள்ளச் சொன்னது எதற்கு? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "என்னக் கேட்டா? அவரயே கேளு. நம்பரு இருக்குதுல்ல?" என்றார்.

நம்பர் இருந்தது. லைன் என்று போட்டு வைத்திருந்தேன். வருவதற்குத் தாமதமானால் போன் செய்து, "கூட்டிறாதீங்க அம்மிணி" என்பார். நானாக அதில் கூப்பிட்டதே இல்லை. ஒரு வாரம் அந்த நம்பரைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதற்குள் வெற்றிலை இரண்டு கட்டு அழுகிப் போனது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, பட்டறையில் ஒரு தறி ஆளில்லாமல் நிற்கிறது என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நேற்றுப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தறி எதுவும் ஓடவில்லை. வீதியில் காகம் கத்துவது கேட்டது. இன்று விட்டால் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும் என்று கூப்பிட்டேன்.

"யாருங்க?"

"நான் கடைங்ண்ணா."

"எந்தக் கடைங்க?"

என் நம்பரை அவர் வைத்திருக்கவில்லை போல, என் குரலும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அதிகம் பேசி அவர் கேட்டதுமில்லை.

"பள்ளிபாளையங்ண்ணா. தறிப்பட்டறை வீதி."

அவர் யோசித்தார். பின்னால் யாரோ பெட்டிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. எத்தனை ஊரில் எத்தனை வாசலில் நின்றிருப்பார், எத்தனை பேரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாரோ, ஒருவேளை என்னிடம் மட்டும்தானோ. கேட்க வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"அந்த வீதியில மூணு கடை இருந்துச்சுங்களே" என்றார். "அதுல நீங்க எந்தக் கடைங்க?"

"இருக்கற கடைங்ண்ணா" என்றேன்.